வழிநூல் கோட்பாடும் கோவில்பட்டி நாட்காட்டி ஓவியமும்

படைப்பூக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவைத் தமிழிலக்கணம் நேரடியாக எழுப்புவதில்லை. எனினும் நூல் பற்றிய அதன் பாகுபாட்டில் அவ்வினாவுக்கு ஒரு விடை பொதிந்துள்ளது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, முதல்நூல் செய்யும் தகுதியை வினைத்தொடக்கு அற்ற முனைவன் ஒருவனுக்கே உரியதாக்குகிறது. அவ்வழி நோக்கின் ஏனையோர் இயற்றுவன யாவும் வழிநூல்களே. அவ்வழிநூலும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படும். நன்னூல் சார்புநூல் என மூன்றாவது ஒன்றையும் சேர்ப்பதோடு, வழிநூலாசிரியன் முன்னோர் முடிபோடு ஒத்துநின்றே தான் வேண்டும் விகற்பத்தையும் கூறலாம் என இடந்தருகிறது. முன்னொன்றிலிருந்து பிறத்தல் இங்கு இழுக்கன்று. பிறந்தபின் விகற்பம் இல்லாமையே இழுக்கு.

நூலுக்கு வகுக்கப்பட்ட இக்கோட்பாட்டை ஓவியத்திற்குப் பொருத்திப் பார்ப்பதற்குக் கோவில்பட்டி நாட்காட்டி ஓவியம் தக்க களமாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் மிகுதியாகக் காணப்பட்ட ஓவியங்கள் இவை. ஆயினும் கலை வரலாற்று நூல்களில் இவற்றுக்கு நெடுங்காலம் இடம் கிட்டவில்லை. இரவிவர்மாவின் நகல்கள் என்பது ஒரு காரணம். வணிக விளம்பரத்திற்காக வரையப்பட்டவை என்பது மற்றொன்று. முதற்காரணம் பாதி உண்மை. இரண்டாவது உண்மையே எனினும், அதிலிருந்து பெறப்படும் முடிபு பிழையானது.

'அசல்', 'நகல்' என இன்று வழங்கும் சொற்கள் இரண்டும் அரபு மூலத்தின. ஆவணங்களின் மெய்ம்மையைச் சோதிக்கும் அலுவலகச் சூழலிலிருந்து தமிழுக்குள் வந்தவை. 'நகல்' என்றதும் குறைபாட்டு உணர்வு ஒன்று உடன்வருவது இதனால்தான். 'வழி' என்னும் சொல்லில் அவ்வுணர்வு இல்லை.

இரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சுக்கூடம், எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பல வண்ண அச்சுப் படங்களாக்கி எளியோர் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. திருமகளும் கலைமகளும் நேர்முகமாக நின்றும் இருந்தும் அருளும் கோலம் அப்படங்களின் வழியே பரவியது. கோவில்பட்டி ஓவியர் இதனைப் பெற்றுக்கொண்டனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் பெற்றது இதனை மட்டுமன்று.

கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; சிலகாலம் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் தங்கியவர். பின்னர் நாடகக் குழு ஒன்றில் காட்சித்திரை வரைபவராகச் சேர்ந்தார். அக்குழு 1942இல் கோவில்பட்டியில் கலைந்துபோக, அவர் அவ்வூரிலேயே தங்கினார். மாணவர் சிலர் அவரைச் சூழ்ந்தனர். ஓவியக்கூடம் ஒன்று உருவாயிற்று. நிழற்படத்தைப் பார்த்து உருவப்படம் வரைவதும், நிழற்படங்களுக்கு வண்ணமும் திருத்தமும் செய்வதும் இத்தகைய கூடங்களின் அன்றாட வருவாய்க்குரிய பணிகள். அண்மையில் இருந்த சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளர்ந்திருந்தன. அவற்றின் ஒட்டுப்படத் தேவைக்காகவே அங்கு அச்சுத்தொழில் வேரூன்றியது. எழுத்தறியாதாரும் சரக்கை அடையாளங்காணப் படம் வேண்டியிருந்தமையால், அவ்வச்சுக்கூடங்கள் தொடக்கம் முதலே படத்தை நம்பியவை. வேலையிழந்த திரை ஓவியரும் படம் தேடிய அச்சுக்கூடங்களும் அருகருகே அமைந்த இத்தற்செயலே ஒரு மரபின் பிறப்பிடமாயிற்று.

நாடகத் திரையின் பங்கை ஆய்வாளர் இன்னும் உரிய அளவில் மதிப்பிடவில்லை. அரங்கேற்றுகாதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறினும், பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் தமிழ் மேடைக்கு வந்த தீட்டிய படுதா வேறொரு பணியைச் செய்தது. அரண்மனை, காடு, தெரு, கைலாயம் எனக் கதை நிகழ் களங்கள் திரைகளில் ஆயத்தமாக இருந்தன. ஒரே காட்டுத் திரை வள்ளி திருமணத்திற்கும் நளன் கதைக்கும் பயன்படும். நடிகர் முன்னே வந்து நின்றதும் அக்காடு வள்ளிமலையாகவோ, தமயந்தி தனித்துவிடப்பட்ட காடாகவோ ஆகிவிடும். சி. கன்னையாவின் குழு போன்றவை காட்சியமைப்பின் மிகுபுகழாலேயே கூட்டம் சேர்த்த காலம் அது.

நாட்காட்டிப் படங்களில் இறைவடிவத்தின் பின்னே விரியும் மலை, ஏரி, தாமரை, மாலைநேர வானம் ஆகியவற்றை இப்படுதாக்களின் தொடர்ச்சியாகக் காண்பதே பொருத்தம். உருவத்தின் மீது ஒளி முன்புறமிருந்து விழுகிறது. பின்னணியோ தன் சொந்த ஒளியில் தனித்து நிற்கிறது. இயற்கையைக் கண்டு வரைந்த ஓவியத்தில் இது குறை எனப்படலாம். மேடையை அறிந்த கண்ணுக்கு இது விளக்கொளியில் நடிகர் முன்வந்து நிற்கும் கணம். திணைக் கோட்பாட்டின் சொற்களில் கூறின், முதற்பொருளும் கருப்பொருளும் திரையில் ஆயத்தமாக இருக்க, உரிப்பொருளை முன்நிற்கும் உருவம் தருகிறது.

மீனாட்சி திருமணப் படம் இம்மரபின் நான்கு வழிகளையும் ஒருங்கே காட்டும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் திருமணப் படலமாக அந்நிகழ்வை விரித்துரைக்கிறது. மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபச் சிற்பி அதனை ஒரு கணமாகத் தொகுத்தான்: திருமால் தாரை வார்க்க, சொக்கர் கைபற்ற, இருவருக்கும் இடையே நாணித் தலைதாழ்த்தி நிற்கும் அம்மை. மூன்றே உருவங்கள். கோவில்பட்டி மரபு இம்மூவரையும் அவ்வாறே பெற்றுக்கொண்டு, மண்டபம், பின்னணி, சூழ நிற்போர் எனச் சிற்பம் விடுத்தவற்றை மீண்டும் விரித்தது. தொகுத்ததை மீள விரிக்கும் இதனைத் தொகைவிரி எனலாம். கல்லின் மொழியை வண்ணத்தின் மொழிக்குப் பெயர்த்தபோது, புராணம் சொல்லால் மட்டும் சுட்டிய மரகத மேனி பச்சை வண்ணமாகவே கண்முன் வந்தது.

விகற்பம் எங்கே? முகங்களில். கம்பத்தடி மண்டபத்தில் அம்மையின் நோக்கு நிலத்தில் பதிந்திருக்கும். காண்போர் அந்நிகழ்வைப் பக்கத்தில் நின்று பார்க்கும் விருந்தினர். நாட்காட்டிப் படத்தின் இறைமுகங்களோ பொதுவாகக் காண்போரை நோக்கியவை. வட்ட முகம், நிழற்படத் திருத்தத்தின் மென்மை கொண்ட கன்னம், விரிந்த கண். கதையை நிகழ்த்திக்கொண்டே கதைக்கு வெளியே உள்ளவரையும் அவை பார்க்கின்றன. வீட்டுச் சுவரில் தொங்கும் படம் கதைப்படமாக மட்டுமன்றி வழிபடு படமாகவும் இருக்கவேண்டும் என்பதே இதன் காரணம். இத்தேவை புராணத்திலிருந்தோ சிற்பத்திலிருந்தோ வந்ததன்று; படம் சென்றுசேரும் இடத்திலிருந்து வந்தது.

அவ்விடத்தைத் தீர்மானித்தது விளம்பரம். சிவகாசி நாட்காட்டி வணிகத்தில் படங்கள் முன்னரே மாதிரித் தொகுப்பாக அச்சிடப்படும். ஆடிப்பெருக்கையொட்டி அத்தொகுப்புகள் வெளிவர, முகவர்கள் அவற்றை ஊர்தோறும் கொண்டுசெல்வர். கடைக்காரர் தமக்கு உகந்த படத்தைத் தேர்ந்ததும், அதன் கீழுள்ள வெற்றிடத்தில் அவர் கடையின் பெயர் அச்சாகும். ஒரே முருகன் அரிசி ஆலைக்கும் நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் பொதுவானவன். ஆகவே ஓவியர் எந்தச் சரக்கையும் பற்றி எதுவும் கூறவியலாது. ஒரு தலத்துக்கே உரிய நுண்கூறுகளை மிகுத்தால் பிற ஊரார் வாங்கத் தயங்குவர். பொருளைப் பற்றிப் பேசாத விளம்பரம், தலத்தைக் குறுக்கிக் காட்டாத இறைவடிவம் என்னும் இரண்டு கட்டுப்பாடுகளுக்குள் ஓவியர் பணியாற்றினர். இப்படங்களின் அமைதியும், நிகழ்வின் பரபரப்பை விலக்கிய நிலைபேறும் இக்கட்டுப்பாடுகளின் விளைவே. விளம்பரத்திற்காக வரைந்தமையால் கலை குன்றியது என்போர் இதனைக் கருதவேண்டும். யாப்பு செய்யுளைக் கெடுத்தது என எவரும் கூறுவதில்லை.

ஆண்டு முடிந்தபின் நிகழ்வது மேலும் குறிப்பிடத்தக்கது. மாதத்தாள்கள் தீர்ந்ததும் வீட்டார் கீழ்ப்பகுதியைக் கத்தரித்து, படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசையறையில் மாட்டினர். கடையின் பெயர் போயிற்று; படம் நின்றது. விளம்பரதாரர் இதனை அறியாதவர் அல்லர். நெடுங்காலம் போற்றப்படும் படத்தைத் தந்த கடை என்னும் நினைவே அவர் விலைகொடுத்து வாங்கியது.

படைப்பாளி யார் என்பதிலும் இம்மரபு நூல்மரபையே ஒத்திருக்கிறது. கொண்டையராஜுவின் பெயரும் அவர் மாணவர் டி. எஸ். சுப்பையாவின் பெயரும் ஒரே படத்தில் இணைந்து காணப்படுவதுண்டு. இக்கையொப்பத்தில் ஆசிரியரின் கை எது, மாணவரின் கை எது எனப் பிரித்தறிய முயல்வது பெரும்பாலும் பயனற்றது. ஆசிரியர் பெயரோடு தம் பெயரைச் சேர்த்தெழுதிய மாணவர் உரிமை கோரவில்லை. தாம் வந்த வழியை அறிவித்தார்.

இம்மரபின் தளர்ச்சியையும் நன்னூலின் அளவுகோலே விளக்கும். மறுதோன்றி அச்சும் பின்னர் கணினியும் வந்தபின், முன்னர் அச்சான படத்தையே படியெடுத்து வண்ணத்தை மிகுத்து, பின்னணியை வெட்டி மாற்றி வெளியிடுதல் எளிதாயிற்று. இங்கு ஒத்தல் உண்டு, விகற்பம் இல்லை. இவற்றைக் கொண்டு முந்தைய படங்களையும் நகல் எனத் தள்ளுவது, ஏடெழுதுவோன் பிழையை உரையாசிரியன் மேல் ஏற்றுவது போன்றது.

இன்று இவ்வோவியங்களை ஆராய முனைவோர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு காலக்கணிப்பு. அச்சுக்கூடத்திற்குச் சென்ற மூல ஓவியங்கள் பேணப்பட்டது அரிது. எஞ்சியவை வீடுகளில் சட்டமிடப்பட்ட படங்களே. அவற்றிலும் ஆண்டையும் கடையையும் காட்டும் கீழ்ப்பகுதி பத்தியின் பொருட்டே கத்தரிக்கப்பட்டுவிட்டது. விளம்பரம் நீக்கப்படாத படிகள் பழைய கடைகளின் கணக்கறைகளிலும் முகவர்களின் மாதிரித் தொகுப்புகளிலும்தான் கிடைக்கக்கூடும். படத்திற்கு நிகராக அதன் கீழுள்ள அரிசி ஆலையின் பெயரையும் ஊரையும் படியெடுத்துப் பதிவுசெய்யும் பணியை, ஏட்டுச்சுவடிகளின் முற்குறிப்பு, பிற்குறிப்புகளைத் தொகுத்துப் பழகிய தமிழ்த்துறைகள் மேற்கொள்வது இயல்பானதேயாகும்.