சில்லறைத் தொல்லைகள்

துன்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன வெள்ளம், பஞ்சம், நோய், சாவு முதலிய பெருந்துன்பங்களே. எழுதும்போது மை தீர்ந்துபோவதும், மேலதிகாரி முகம் சுளிப்பதும், வெளியே புறப்படும் வேளையில் சாவி காணாமற்போவதும், குளியலறை வாயிலில் காத்து நிற்பதும் துன்பக் கணக்கில் சேர்வதில்லை. இவை சில்லறைத் தொல்லைகள். சில்லறை என்பதனாலேயே நாம் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமற் செலவிட்ட காசுகள் மாதக் கடைசியில் பெருந்தொகையாகத் தோன்றுவதுபோல, இத்தொல்லைகளும் ஒருநாள் திரண்டு நம்முன் நிற்கின்றன.

இவற்றை எண்ணிப் பார்த்த அறிஞரும் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்டு லாசரசும் அவருடைய துணைவர்களும் அன்றாடத் தொல்லைகள் 117-ஐப் பட்டியலிட்டனர். நடுவயதினர் நூறு பேரைப் பத்து மாதங்கள் மாதந்தோறும் வினவினர். அவர்கள் 1981-இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. ஒருவருடைய மனச்சோர்வையும் கவலையையும் முன்னறிவதற்கு, அவர் வாழ்வில் நேர்ந்த பெருநிகழ்ச்சிகளைக் காட்டிலும் இச்சிறு தொல்லைகளே சிறந்த அளவுகோலாக இருந்தன.

தொல்லையின் அளவை அறிந்தோம். அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் அறிய வேண்டும் அன்றோ? அதற்கு எங்கள் ஊர் உழவரின் அறிவு துணை செய்யும் என்று கருதுகிறேன்.

என் ஊர் பூதலூர். தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது. கல்லணை எங்களுக்கு அண்மையில் உள்ளது. அங்கே ஆற்று நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. முதல் மூன்றும் வயல்களுக்கு நீர் ஊட்டுவன. வெள்ளம் பெருகும் காலத்தில் மிகுநீரை ஏற்றுக் கடலுக்குக் கொண்டு செல்வது கொள்ளிடம். நீரைக் கொண்டுவரும் வழியோடு, மிகுந்ததைப் போக்கும் வழியும் இருப்பதனாலேயே இந்நாடு நெல் விளையும் நாடாக நிற்கிறது.

சிறு வயலிலும் இதே முறைதான். நீர் பாய ஒரு மடை. நீர் வடிய ஒரு வடிகால். நெல் நீரை விரும்பும் பயிரே ஆயினும், ஐப்பசி கார்த்திகை மழையில் பல நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். ஆதலின் மழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வாரி வைப்பர். வடிகால் தூர்ந்துபோன வயலுக்கு உரியவன் என்ன செய்வான்? இரவோடு இரவாக வரப்பை வெட்டி, அண்டை வயலில் நீரை விடுவான். அவன் தீயவன் என்று சொல்லிவிட முடியாது. தன் பயிரைக் காக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆயினும் மூழ்குவது மற்றொருவன் பயிர்.

அலுவலகத்தில் பட்டதை வீட்டிற் கொட்டுபவரும் வரப்பை வெட்டுபவரே. மாலை வண்டியில் வந்து இறங்குகிறார் ஒருவர். மேலதிகாரியிடம் சொல்ல முடியாத மறுமொழி இன்னும் நாவில் இருக்கிறது. வாயிலில் கிடக்கும் செருப்பு அதற்குப் போதிய காரணமாகிவிடுகிறது. மனைவியும் பகல் முழுதும் சும்மா இருந்தவர் அல்லர். அவர் மூத்த பெண்ணைக் கடிகிறார். அவள் தம்பியின் தலையிற் குட்டுகிறாள். வரப்புகள் வரிசையாக உடைகின்றன. நாள்தோறும் இது நிகழும் வீட்டில், தந்தையின் காலடி ஓசை கேட்டதும் குழந்தைகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அந்த மௌனத்தைவிடப் பெரிய இழப்பு ஒரு குடும்பத்துக்கு வேறு உண்டோ?

ரெனா ரெப்பெட்டி என்னும் உளவியலறிஞர், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பணியாளர்களின் இல்லங்களை ஆராய்ந்து 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலை மிகுந்த நாள்களில் அவர்கள் வீட்டில் ஒதுங்கியிருக்க விரும்பினர். மனைவியர் அதனை உணர்ந்து ஆதரவாக இருந்தபோது, அவர்கள் சற்றே ஒதுங்கியிருந்தனர். சினமும் குறைவாகவே வெளிப்பட்டது. சிறிது நேர அமைதி ஒரு நல்ல வடிகால் என்பது இதனால் விளங்கும்.

வடிகால் வேண்டும் என்றால், சினத்தைக் கொட்டித் தீர்த்துவிடலாம் என்று சிலர் பொருள் கொள்வர். அது தவறு. பிராடு புஷ்மன் என்பவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையை 2002-இல் வெளியிட்டார். சினமூட்டியவனை மனத்தில் நினைத்துக்கொண்டு மணல்மூட்டை போன்ற பையைக் குத்தியவர்களுக்குச் சினம் தணியவில்லை. வாளா அமர்ந்திருந்தவர்களைவிட அவர்களே மிகுதியாகச் சினங்கொண்டனர். உடைப்பு வேறு, வடிகால் வேறு.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? வீட்டுக்குள் நுழையும்போதே, “இன்று மனம் சரியில்லை, கால்மணி நேரம் தனியே இருக்கிறேன்” என்று சொல்லிவிடலாம். கேட்பவர் காரணம் தம்மிடம் இல்லை என்று தெளிவர். வயற்புறம் சிறிது நடந்துவிட்டு வரலாம். தொல்லை எங்கே பிறந்ததோ அங்கேயே, உரியவரிடம், மறுநாள் தணிந்த குரலில் பேசலாம். உண்மையான அநீதியாயின் பொறுத்துப் போகச் சொல்லமாட்டேன். அங்கே மடையையே அடைக்க வேண்டும். அதற்கும் தெளிந்த மனம் தேவை.

மாணவ நண்பர்களே! தேர்வில் மதிப்பெண் குறைந்த நாளில் தாயிடம் சீறுவதும், விளையாட்டில் தோற்ற நாளில் தங்கையிடம் எரிந்து விழுவதும் நீங்கள் அறியாதன அல்ல. நம் சினத்தைத் திருப்பித் தரமாட்டார் என்று நாம் நம்புகிறவர்மீதே அதனைக் கொட்டுகிறோம். அவர்கள் நம்மிடம் வைத்த அன்பே அவர்களுக்குத் தண்டனையாகிறது. அடுத்த முறை சொல் நாவிற்கு வரும்போது, “இது யாருடைய வயலில் பெய்த மழை?” என்று ஒருகணம் உங்களையே கேட்டுப் பாருங்கள்.