யார் ஜெயிப்பார் என்பது மட்டுமா அரசியல்?

திண்டுக்கல்லைப் பற்றிப் பேச வருகிற அரசியல் விமர்சகர் எவரும் 1973-ஐத் தொடாமல் போவதில்லை. அந்த மே மாத மக்களவை இடைத்தேர்தலில், தொடங்கி ஏழே மாதமான அ.தி.மு.க.வின் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. அன்று முதல் மைக்கோடு இந்த ஊருக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தத் தடவை யாருக்கு?

அதே கேள்விதான் தொலைக்காட்சி விவாதத்திலும். கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தும் பேராசிரியரை அழைத்து, இரண்டு கட்சிப் பேச்சாளர்களுக்கு நடுவே உட்கார வைக்கிறார்கள். அவர் ஒரு சட்டப் பிரிவை விளக்கத் தொடங்கும்போதே நெறியாளர், "சுருக்கமா சொல்லுங்க சார், யாருக்குச் சாதகம்?" என்கிறார். முப்பது ஆண்டு படிப்பு அந்த இடத்தில் ஜோசியமாகச் சுருங்கிவிடுகிறது. ஜோசியமாவது பலிக்கிறதா? 2024 ஜூன் 1 மாலை சில கருத்துக்கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 400 இடம் வரை கொடுத்தன. மூன்றாம் நாள் எண்ணியபோது வந்தது 293.

அறிஞர் வேறு மாதிரியும் பேசலாம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த க. பழனித்துரை, பல ஆண்டுகளாகத் தமிழ் நாளிதழ்களில் உள்ளாட்சியைப் பற்றி எழுதிவருகிறார். கிராம சபை என்ன கேட்கலாம், ஊராட்சித் தலைவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவை அவருடைய விஷயங்கள். ஊடகத்தில் பேசும் ஓர் அறிஞரிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

ஏனென்றால் விஷயம் தெரியாவிட்டால் கிராம சபை வெறும் கையெழுத்தாகிவிடும். ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூட வளாகத்தில் ஜமுக்காளம் விரிப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் பெரும்பாலும் முன்வரிசை. வரவு செலவை வேகமாக வாசித்து முடிப்பார்கள், தீர்மானப் புத்தகம் கைமாறும். அந்தக் கணக்கை நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையை 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தந்திருக்கிறது என்று தெரிந்த ஒரே ஒருத்தர் எழுந்தால்கூடக் கூட்டத்தின் போக்கு மாறும்.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அதற்கு முன் 2016-இலிருந்து மூன்றாண்டு இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் அதே நிலை வந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243இ பிரிவு. அது நடக்காதது எனக்கு எந்தக் கூட்டணி முறிவையும் விடப் பெரிய செய்தி. எத்தனை மாலை விவாதங்களில் இது தலைப்பானது?

குடிநீர்க் குழாய் உடைந்தால் யாரிடம் போவது என்று தெரியாமல் ஊர்கள் தவித்தன. தலைவரின் இடத்தில் தனி அலுவலராக அமர்ந்தவர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருவரே. மனுவை ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு பேராசிரியருக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள்.