குட்டி துள்ளுது... பெருசு உறுமுது!

“பெருசுக்கு ஒரு துணை வேணும்ல!” இப்படிச் சொல்லித்தான் பல வீடுகளில் இரண்டாவது நாய் வந்து சேர்கிறது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் தோட்டத்தோடு இருந்த தனி வீடுகள் இடிந்து அபார்ட்மென்ட்களாகிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பெட்ரூம், ஒரு பால்கனி. அதற்குள் பத்து வயது லேப்ரடாரும் மூன்று மாதக் குட்டியும். முதல் நாள் இரண்டும் மோந்து பார்ப்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாயிற்று. நாலாம் நாள் பெருசு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

குட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் வாயில் இருப்பவை 28 பால் பற்கள், ஒவ்வொன்றும் ஊசி. மூன்றாவது, நாலாவது மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்றிருக்கும். பெருசின் காது, வால், கழுத்துச் சதை எது கிடைத்தாலும் கவ்வும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும்தான் கற்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றது ‘கீச்’ என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அதுதான் பாடம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஒரு மாதக் குட்டியைக்கூட அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். அங்கே பாதியில் நின்ற பாடத்தை இங்கே பெருசு நடத்த வேண்டியிருக்கிறது. அதன் உறுமல் அந்தப் பாடம்தான்.

நாமோ, “ஏய், சின்னக் குட்டிடா அது!” என்று பெருசையே அதட்டுகிறோம். ‘நீ பெரியவன்தானே, விட்டுக்கொடு’ என்று மூத்த பிள்ளையை அடக்குகிற அதே பழக்கம். உறுமினால் திட்டு விழும் என்று தெரிந்துகொண்ட நாய், உறுமுவதை விட்டுவிடும். பொறுமை தீரும் நாளில் எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிக்கும்.

அப்படியானால் எது விளையாட்டு, எது வம்பு? முன்கால்களை நீட்டிப் படிய வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டினால் அது ‘விளையாட வா’ என்ற அழைப்பு. அமெரிக்க ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் சுவாரசியமான தகவல் ஒன்று உண்டு: கவ்வித் தலையை உதறுவது போன்ற முரட்டுத்தனத்துக்குச் சற்று முன்போ பின்போதான் நாய்கள் இந்த வணக்கத்தை அதிகம் போடுகின்றனவாம். ‘தப்பா எடுத்துக்காதே, விளையாட்டுதான்’ என்கிற மாதிரி. துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடந்தால் கவலை வேண்டாம். ஒன்றே எப்போதும் அடியில் கிடந்தால், வாலை இடுக்கினால், உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால், உடம்பு கட்டைபோல் விறைத்தால் உடனே பிரித்துவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் குட்டியைப் பிடித்துக்கொண்டு பெருசைப் பாருங்கள். அதுவே திரும்பி வந்து சீண்டினால், ஆட்டம் தொடரட்டும். விட்டால் போதும் என்று நகர்ந்துவிட்டால், அன்றைக்கு அவ்வளவுதான். குட்டியை வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் சங்கிலியில் கட்டலாம். வாசலில் குறுக்கே பலகை வைக்கலாம். பெருசுக்குக் குட்டி நுழைய முடியாத ஒரு மூலை கட்டாயம் வேண்டும். சாப்பாட்டுத் தட்டு தனித்தனி. எலும்பைப் பொதுவில் போடவே கூடாது.

குட்டி இப்படிச் சீண்டுவதற்கு, அதன் வேகத்துக்கு வெளியே வடிகால் இல்லாததும் ஒரு காரணம். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டாலும் தெருவுக்குத் தெரு நாய்க் கூட்டம் இருக்கிறது. தடுப்பூசி முடியாத குட்டியை இறக்கி நடத்த முடியாது. வெயிலுக்கு முன் மொட்டை மாடியில் பந்து எறிந்து களைப்பாக்குங்கள், கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால். கத்திரியில் காலையிலேயே தரை சுடத் தொடங்கிவிடும், ஜாக்கிரதை.

சாதுவாக இருந்த பெருசு திடீரென்று சீறினால் மூட்டுவலியாக இருக்கலாம். வழவழ டைல்ஸில் பின்னங்கால் வழுக்குகிறதா, எழ யோசிக்கிறதா என்று கவனியுங்கள். நடமாடும் இடத்தில் ரப்பர் மேட் விரியுங்கள். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் இபுப்ரூஃபனும் நாயின் உயிருக்கே ஆபத்து. பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ, 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

நிஜச் சண்டையே மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீரை ஊற்றுங்கள், தாம்பாளத்தைத் தட்டுங்கள். உங்கள் மேல் பல் பட்டுவிட்டால், வீட்டு நாய்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

துணை விஷயத்துக்கு வருவோம். எழுந்து நடக்கவே சிரமப்படும் நாய்க்குக் குட்டி துணையல்ல, தொல்லை. அது கேட்கும் துணை நீங்கள்தான். குட்டி ஆசை இருந்தால், அதை இன்னும் சில வருடம் தள்ளிப்போடுங்கள்.