கோடையில் காவல் நாய்க்கு நிழலும் நீரும்

சித்திரை, வைகாசி வெயிலில் மாட்டை நிழல் பார்த்துக் கட்டுகிறோம். களத்துக் காவல் நாயைத்தான் சங்கிலியோடு மறந்துவிடுகிறோம்.

நமக்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணியும். நாய்க்கு உள்ளங்காலில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்குச் சூடு தணிக்கும் வழி. புழுக்கம் கூடினால் அதுவும் போதாது. ஆகவே தகரக் கொட்டகைக்குள் அடைக்காதீர்கள். காற்றோட்டமான மரத்தடியில் கட்டுங்கள். பொழுது சாயச் சாய நிழலும் நகரும், அதையும் கவனியுங்கள். தண்ணீர்ச் சட்டியைச் சங்கிலி இழுத்துக் கவிழ்க்காதபடி பாதி மண்ணில் புதைத்து வையுங்கள்.

வெயில் தாக்கினால் இரைப்பு அடங்காது, எச்சில் வடியும், நாய் தள்ளாடி விழும். உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாத நாய்க்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

"வெயிலில் நாய்க்கு வெறி பிடிக்கும்" என்பாங்க. அது சரியல்ல. வெறிநோய் கிருமியால் வருவது, கடியால் பரவுவது. ஆனால் வெறிநாய்க்கும் எச்சில் வடியும், அதுவும் தள்ளாடும். தடுப்பூசி போடாத நாய் இப்படிக் கிடந்தால் கிட்டே போகாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 3 மாதக் குட்டியிலேயே ஊசி போட்டு, ஆண்டுதோறும் தவறாமல் போட்டு வந்தால்தான், ஆபத்து நேரத்தில் உங்கள் நாயைத் தயங்காமல் தொட்டுக் காப்பாற்றலாம்.