பெரிய ரயரும் பழைய பல்லும்

ஒரு காலத்தில் பௌதிக விரிவுரையாளன். இன்று அல் கூஸில் ஓர் அலுமினியத் தொழிற்சாலையில் தொழிலாளி. இருப்பிடம் பர் துபாயில் ஆறு பேர் பகிரும் அறை. நெம்புகோல் தத்துவத்தை நான் கடைசியாக விளக்கியது அந்த அறையில்தான்.

கேட்டவர் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மன்னார்த் தம்பி. பாலைவனத்து ஒட்டகப் பட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் லாண்ட் குரூஸர் பிக்அப்பின் சாரதி. நான்கு வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடிய வண்டியில், ஒரே வருடத்தில் இரண்டு கிளச் எரிந்துபோயின. ஓட்டத் தெரியாதவன் என்று சொல்லி முதலாளி சம்பளத்தில் கழித்துவிட்டார். "சேர், நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார்.

"இந்த வருடம் வண்டியில் என்ன மாற்றினார்கள்?" என்று கேட்டேன். ரயர். 265/70 ஆர் 16 இருந்த இடத்தில் 315/75 ஆர் 16.

இந்த எண்களை வாசிப்பது சுலபம். முதல் எண் மில்லிமீற்றரில் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. கடைசி எண் அங்குலத்தில் றிம்மின் விட்டம். கணக்குப் பார்த்தால் பழைய ரயரின் விட்டம் 777 மில்லிமீற்றர், புதியது 879. அதாவது 13 வீதம் பெரிது. மணலில் புதையாமல் மிதக்க இது உதவும் என்பது உண்மை. ஆனால் சக்கரம் ஒரு நெம்புகோல். ஆரை கூடினால், அதே முறுக்குவிசை நிலத்தைத் தள்ளும் பலம் குறையும். இங்கே குறைந்தது ஏறத்தாழ 11.5 வீதம். பாரத்தோடு மணலில் புறப்படும்போது அந்தக் குறையை ஈடுசெய்வது சாரதியின் கால்; தேய்வது கிளச்.

இதற்குரிய பரிகாரம் அச்சுக்குள் இருக்கிறது. அங்கே சிறிய பினியன் பெரிய கிறவுண் வீலைச் சுழற்றுகிறது. 10 பல்லுக்கு 41 பல் என்றால் விகிதம் 4.1; பினியன் 4.1 தடவை சுழன்றால் சக்கரம் ஒரு தடவை. அந்த வண்டியில் இருந்தது இதுதான். ரயர் பெருத்த அளவுக்கு விகிதமும் பெருக வேண்டும்: 4.1ஐ 879ஆல் பெருக்கி 777ஆல் பிரித்தால் 4.64. அப்படியொரு சோடி கடையில் இல்லை. கிடைப்பவை 41க்கு 9 (4.556), 39க்கு 8 (4.875).

எதைத் தெரிவது? நேர் கியரில் மணிக்கு 100 கிலோமீற்றர் போக, பழைய நிலையில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2800 தடவை சுழன்றது. 4.556 போட்டால் 2750, 4.875 போட்டால் 2940. பெரும்பாலும் தார்வீதியில் ஓடுபவருக்கு முதலாவது போதும். தண்ணீர்த் தாங்கியோடு மணலேறுபவருக்கு இரண்டாவது. எரிபொருள் சற்றுக் கூடும், பினியனின் பல் குறைவதால் அது சற்று நலிவாகவும் இருக்கும். நான்கு சக்கர இயக்கம் என்றபடியால் முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் இழுத்து இடைப்பெட்டியை உடைக்கும்.

லோ கியர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது வண்டி புதையும் இடத்துக்கு. வீதியும் மணலும் மாறி மாறி வரும் நாற்பது கிலோமீற்றரை அதில் ஓட முடியாது.

இன்னொன்று: ரயரை மாற்றி வேகமானியைத் திருத்தாவிட்டால், முள் 100 காட்டும்போது வண்டி 113இல் போகும். அபுதாபியில் வேக எல்லைக்கு மேலான 20 கிலோமீற்றர் சலுகை 2018இல் நீக்கப்பட்டது. அபராதமும் சாரதியின் தலையில்தான் விழும்.

கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி பல்லை மாற்றவில்லை. பழைய ரயரையே திரும்பப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு கிளச் எரியவில்லை. கழித்த பணமும் திரும்பி வரவில்லை.

வெளியே பெரிதாக்கிவிட்டு உள்ளே விகிதத்தை மாற்றாமல் விடுவதும், பிறகு மிதிக்கும் காலைக் குற்றம் சொல்வதும் வண்டிகளில் மட்டும் நடப்பதல்ல. வண்டியில் என்றால் அதைத் தாளில் நிறுவிக் காட்டலாம்.