உஷ்ண அறையில் யோகாப்பியாசம்

மூடிய அறையில் 40 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தை உண்டாக்கி, அதனுள் 90 நிமிஷ நேரம் 26 ஆசனங்களையும் இரண்டு சுவாசப் பயிற்சிகளையும் செய்யும் முறை மேனாடுகளில் வெகுவாகப் பரவியிருக்கிறது. ‘ஹாட் யோகா’ என வழங்கும் இதைப் பரிகசிப்போரும் உண்டு. சர்வரோக நிவாரணி என்று புகழ்வோரும் உண்டு. இருதிறத்தாரும் இதன் உண்மையான பயனைக் காணவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இதன் வேர் கல்கத்தாவில் இருக்கிறது. பரமஹம்ஸ யோகானந்தரின் இளைய சகோதரரான விஷ்ணு சரண் கோஷ் 1923-ம் வருஷத்தில் அங்கே ஒரு தேகப் பயிற்சிக் கல்லூரியை ஸ்தாபித்தார். அம்மரபினர் என்று சொல்லிக்கொண்ட பிக்ரம் சௌதுரி, அமெரிக்கா சென்று உஷ்ண அறை முறையைப் பரப்பினார். இந்த ஆசன வரிசையைப் பிறர் கற்பிக்கலாகாது என அவருடைய ஸ்தாபனம் வழக்காடியது. 2015-ல் அந்நாட்டு அப்பீல் கோர்ட்டு, ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பே. தன் தேகத்தை அறியும் வித்தைக்குத் தனிச் சொந்தக்காரர் ஏது?

வியர்வையோடு விஷமெல்லாம் ஒழிகிறது என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள். வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே. கழிவுகளை அகற்றுவது ஈரலுக்கும் சிறுநீரகங்களுக்கும் உரிய தொழில். 2018-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், ஒரு கோஷ்டியார் உஷ்ண அறையிலும், மற்றொரு கோஷ்டியார் சாதாரண அறையிலும் அதே ஆசனங்களை 12 வாரம் செய்தனர். இரத்தக் குழாய்களின் விரியும் திறன் இரு சாராருக்குமே அபிவிருத்தி அடைந்தது. ஆகவே அந்த நன்மைக்கு உஷ்ணம் அவசியமன்று.

அப்படியானால் உஷ்ணம் செய்வது என்ன? தேகத்தைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. இருதயம் விரைந்து அடிக்கிறது. ஆசனங்களுக்கிடையே சவாசனத்தில் கிடப்பவன், மற்ற வேளைகளில் தான் கவனியாத நாடித் துடிப்பையும், மூச்சின் ஏற்றத் தாழ்வையும், தசைகளின் களைப்பையும் தெளிவாக உணர்கிறான். எதிரேயுள்ள நிலைக்கண்ணாடி தோற்றத்தைக் காட்டும், தாகத்தைக் காட்டுமா? அதை உள்ளிருந்தே அறிய வேண்டும். இந்த அறிவே பயிற்சியின் சாரம்.

ஆனால் அறிந்தபின் அதற்குக் கீழ்ப்படியாவிடில் ஆபத்து. தலை சுற்றினாலும், குமட்டினாலும், தலை வலித்தாலும் உடனே பயிற்சியை நிறுத்திக் குளிர்ந்த இடத்திற்குச் செல்ல வேண்டும். ஆசிரியர் தடுத்தாலும் நிற்கலாகாது. உஷ்ணத் தாக்கு உயிரையே போக்கவல்லது. இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கவே கூடாது.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நமது நண்பர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வேளைக்கு உண்ணாமலும் உறங்காமலும் தேகத்தை வண்டி மாடுபோல் ஓட்டுவதைத் தியாகமென்று பலர் எண்ணுகின்றனர். மாடு படுத்தபின் சாட்டையால் என்ன பயன்? உஷ்ண அறை எல்லோருக்கும் வேண்டுவதில்லை. தினந்தோறும் காலையில் சிறிது நேரம் நிழலான ஓரிடத்தில் ஆசனமிட்டு, தேகம் என்ன சொல்கிறதென்று கேட்பது எல்லோருக்கும் வேண்டும். நெடுநாள் உழைக்க விரும்புவோர் இதை இன்றே தொடங்குவார்களாக.