சுற்றுலாவும் திருப்பயணமும்: வரிச்சிக்குடிச் சாலையிலிருந்து ஒரு சிந்தனை

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 27ஆம் நாள் உலகச் சுற்றுலா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. 1980ஆம் ஆண்டு முதல் இந்நாள் வழக்கத்தில் உள்ளது. திருப்பீடமும் இந்நாளுக்கென ஆண்டுதோறும் செய்தி வெளியிட்டு வருகின்றது. ஆனால் நம் பகுதியில் இந்நாள் வருவதும் போவதும் பலருக்குத் தெரிவதில்லை. வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8ஆம் நாள் முடிந்து, கூட்டம் கலைந்து, சாலைகள் ஓய்ந்திருக்கும் நேரம் அது.

பயண ஏற்பாட்டாளர்களின் விளம்பரத் தாள்கள் மட்டும் ஓய்வதில்லை. ஆசியாவில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் என்று சிங்கப்பூர், பினாங்கு, பாலி, போரோபுதூர், மக்காவ் என வரிசையாக வண்ணப் படங்கள். நான்கு இரவு, ஐந்து பகல், உணவு உட்பட. அவற்றைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று இளையோர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். பதிலைத் தேடி நாம் வெகு தொலைவு போக வேண்டியதில்லை. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடிச் சாலையில் இருக்கும் வரிச்சிக்குடியில் சற்று நின்று பார்த்தாலே போதும்.

வரிச்சிக்குடி எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லை. சுற்றிலும் தமிழ்நாடு இருக்க, நடுவே புதுச்சேரி அரசின் ஆட்சிக்குட்பட்ட காரைக்கால் மாவட்டத்தின் ஒரு சிற்றூர். கிழக்கே சிறிது தொலைவில் கடல், மற்றப் பக்கங்களில் வயல். பேருந்தில் போகிறவர்கள் இந்த ஊரின் பெயரைக் கேட்பதற்குள் ஊர் முடிந்துவிடும். ஆனால் இந்தச் சாலை எவற்றையெல்லாம் இணைக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். வடக்கே தரங்கம்பாடி, தெற்கே காரைக்கால், மேற்கே திரும்பினால் திருநள்ளாறு, அதற்கும் அப்பால் நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. தரங்கம்பாடியிலிருந்து வேளாங்கண்ணி வரை ஏறத்தாழ 45 கிலோ மீட்டர்தான். இவ்வளவு சிறிய தொலைவுக்குள் இத்தனை சமயத்தாரின் தலங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பது ஆசியாவிலேயே அரிது என்று சொன்னால் அது மிகையாகாது என்றே நினைக்கின்றோம்.

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கின்றது. 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய லூத்தரன் மறைப்பணியாளர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. கோட்டைக்கு அருகிலேயே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயிலான அதன் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது.

காரைக்காலில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா ஆனி மாதப் பௌர்ணமியில் நடக்கும். வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். கயிலாயத்துக்குப் போன அம்மையார், அந்தப் புனித மண்ணைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையாலேயே நடந்து போனதாகப் பெரிய புராணம் சொல்கின்றது. சென்று சேரும் இடத்தின்மீது ஒரு பயணி வைத்த மதிப்பு அது. இன்று நாம் சென்ற இடத்தில் தண்ணீர்ப் புட்டியை எறிந்துவிட்டு வருகின்றோம்.

வெளிநாட்டுப் பட்டியலுக்கு வருவோம். சிங்கப்பூருக்குச் செல்கின்றவர்களைத் தெலுக் ஆயர் தெருவுக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா என்னும் நினைவிடம் உள்ளது. பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் ஒரு நாகூர் தர்கா உண்டு. அந்த நகரம் 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவற்றைக் கட்டியவர்கள் நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள். கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், தங்களைக் காத்த நாகூர் ஆண்டவரின் நினைவை அங்கேயும் எழுப்பினார்கள். வியட்நாமில் இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனுக்குப் போகிறவர்கள் அங்குள்ள மாரியம்மன் கோயிலைப் படம் பிடித்து வருகின்றார்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் காரைக்கால், புதுச்சேரித் தமிழர்கள் பலர் அரசுப் பணிக்கும் வணிகத்துக்கும் சென்ற ஊர் அது. நம் குடும்பங்கள் சிலவற்றில் 'சைகோன் தாத்தா' என்ற பேச்சு இன்னும் உண்டு. ஆக, பணம் கட்டி நாம் பார்க்கப் போகும் இடங்களில் சில, நம் முன்னோர் வேலை செய்த இடங்கள்.

இனி நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது மக்காவ், போரோபுதூர், நாகப்பட்டினம் என்ற மூன்று இடங்களைப் பற்றி.

மக்காவிலிருந்து கொழும்புக்குச் சென்ற போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கி, மரியாவின் பிறப்பு விழாவன்று வேளாங்கண்ணிக் கரையை அடைந்தது என்ற மரபுவழிச் செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அந்த மாலுமிகள் நன்றிக் கடனாகக் கொண்டுவந்த சீனப் பீங்கான் தட்டுகள் பீடத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்டுள்ளன. அந்த மாலுமிகள் அறிந்திருந்த மக்காவில், இயேசு சபையினர் 1602 முதல் 1640 வரை எழுப்பிய இறை அன்னை ஆலயம் ஒன்று இருந்தது. புனித பவுல் ஆலயம் என்பது அதன் வழக்குப் பெயர். தாய்நாட்டில் துன்புறுத்தப்பட்டுத் தப்பி வந்த ஜப்பானியக் கிறிஸ்தவர்களும் அதன் முகப்பில் சிற்ப வேலை செய்தார்கள். 1835இல் ஆலயம் தீக்கிரையானது. முகப்புச் சுவரும் முன்னிருக்கும் படிக்கட்டும் மட்டும் மிஞ்சின. மக்காவ் மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். இருந்தும் அந்தச் சுவரை அவர்கள் இடித்துத் தள்ளவில்லை. பின்னால் இரும்புச் சட்டங்களைக் கொண்டு தாங்கி நிறுத்தினார்கள். 2005இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. இன்று அந்நகரின் அடையாளமே அந்தச் சுவர்தான்.

போரோபுதூர் ஜாவாத் தீவில் உள்ள மாபெரும் பௌத்த நினைவுச் சின்னம். சைலேந்திர வமிசத்து அரசர்கள் ஏறக்குறைய 9ஆம் நூற்றாண்டில் கட்டியது. இந்தோனேசியா உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளுள் ஒன்று. அந்த நாட்டு அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து, கல் கல்லாகப் பிரித்தெடுத்து, நீர்வடிகால் அமைத்து, மீண்டும் அடுக்கி, 1983இல் அதன் பெரும் சீரமைப்பை முடித்தார்கள்.

அதே சைலேந்திர வழியைச் சேர்ந்த ஸ்ரீவிஜய அரசர் ஒருவர் நம் நாகப்பட்டினத்திலும் ஒரு விகாரம் எழுப்பினார். அதுதான் சூடாமணி விகாரம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்கு தெரியும். முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கிய செய்தி, லெய்டன் செப்பேடுகள் எனப்படும் செப்பேடுகளில் பதிவாகி உள்ளது. சைவ அரசன் ஒருவன் பௌத்தப் பள்ளிக்கு ஊரையே கொடுத்திருக்கின்றான்.

நாகையில் பௌத்தம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் பழைய செங்கல் கோபுரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் அதை அழைத்தார்கள். கடலில் வரும் மாலுமிகளுக்கு அது ஓர் அடையாளக் குறி. 1846இல் அதைக் கண்ட ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட், மூன்று நிலைகள் எஞ்சியிருந்த கோபுரத்தை வரைந்து வைத்தார். 1867இல் அது இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் கடற்கொள்ளையரோ அந்நியப் படையோ அல்லர். நாகையில் புனித சூசையப்பர் கல்லூரியை நடத்திக்கொண்டிருந்த இயேசு சபையினர், தங்கள் கட்டடப் பணிக்காக மதராஸ் அரசின் அனுமதி பெற்று இடித்தார்கள். அக்கல்லூரியும் அங்கே நிலைக்கவில்லை. 1883இல் திருச்சிக்கு மாறியது.

இதை எழுதும்போது நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கின்றது. அந்தக் கல்லூரி எத்தனையோ ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண்ணைத் திறந்தது உண்மை. அந்நாளில் பழம்பொருள் பற்றிய எண்ணமே வேறாக இருந்தது என்பதும் உண்மை. எனினும், மக்காவில் பிற சமயத்தார் நம் சுவரைத் தாங்கி நிறுத்தியதையும், நாகையில் நம்மவர் பிறர் கோபுரத்தை இடித்ததையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாகையில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நூற்றுக்கணக்கான பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். நாகை மக்கள் தங்கள் ஊரின் கதையைப் பார்க்க முந்நூறு கிலோ மீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கின்றது.

இடித்தால்தான் ஓர் இடம் அழியும் என்பதில்லை. வந்து குவிந்தாலும் அழியும். தாய்லாந்தின் மாயா விரிகுடா, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தால் புகழ்பெற்றது. நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்து இறங்க, பவளப் பாறைகள் செத்தன. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். பிலிப்பீன்ஸ் நாட்டின் போராகாய் தீவில் விடுதிகளின் கழிவுநீர் கடலில் கலந்ததால், 2018இல் அத்தீவையே ஆறு மாதம் மூடினார்கள். அந்த ஆறு மாதமும் அங்கே அன்றாடம் உழைத்துப் பிழைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது விளம்பரத் தாளில் வராது. நம் பக்கத்தில் திருநள்ளாற்றைப் பாருங்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியின்போது இலட்சக்கணக்கானோர் வருகின்றார்கள். நளதீர்த்தத்தில் நீராடி உடுத்திய துணியை விட்டுப்போகும் வழக்கத்தால் மலைபோல் குவியும் துணியை அள்ளுவது யார் வேலை? துப்புரவுப் பணியாளரின் வேலை. வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் திருவிழா முடிந்த மறுநாள் நிலை இதிலிருந்து வெகுவாக மாறுபட்டதல்ல.

காரைக்காலுக்கு இன்னொரு வகைச் சுற்றுலாவும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது சரியன்று. பக்கத்து மாவட்டங்களிலிருந்து விடுமுறை நாள்களில் வரும் வண்டிகளில் ஒரு பகுதி, கடலைப் பார்க்கவோ கோயிலைப் பார்க்கவோ வருவதில்லை. மதுவின் விலை குறைவு என்பதற்காக வருகின்றது. அவர்கள் இரவில் வண்டியோட்டித் திரும்பும் சாலையும் இதே சாலைதான்.

2004 டிசம்பர் 26ஐயும் இங்கே நினைவுகூர வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை. ஒரே ஆழிப்பேரலை தாய்லாந்தின் புக்கெட், காவோ லாக் கடற்கரைகளையும், இலங்கையின் தென்கரையையும், வேளாங்கண்ணியையும், காரைக்காலின் மீனவ ஊர்களையும் தாக்கியது. வேளாங்கண்ணியில் திருப்பலிக்காக வந்திருந்த வெளியூர் மக்கள் பலர் மாண்டார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதன்பின் இலங்கையில் கரையிலிருந்து 100 மீட்டர், சில பகுதிகளில் 200 மீட்டர் வரை வீடு கட்டக் கூடாது என்று அரசு விதித்தது. மீனவர் வீட்டுக்குத் தடை, சுற்றுலா விடுதிக்குச் சலுகையா என்று மக்கள் கேட்டார்கள். பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. அந்தக் கேள்வி இலங்கையோடு நிற்பதல்ல. கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், வலை காயப்போட இடம் எங்கே, படகை ஏற்றி நிறுத்த இடம் எங்கே என்று முதலில் கேட்கவேண்டியிருக்கின்றது. பார்க்க வருகிறவருக்கு அது காட்சி. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் இருக்கிறவருக்கு அது களத்துமேடு.

இப்போது மீண்டும் வரிச்சிக்குடிக்கு வருவோம். ஆகஸ்டு இறுதி வாரத்தில் வந்து பாருங்கள். காவி உடுத்தி, கையில் கொடியோடு, சிறு சப்பரத்தில் அன்னையின் திருவுருவத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு, சென்னை, கடலூர், புதுச்சேரி எனப் பல ஊர்களிலிருந்து நடந்து வருகின்றவர்கள் இந்தச் சாலையைக் கடக்கின்றார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் முந்நூறு கிலோ மீட்டருக்கு மேல் நடந்திருப்பார்கள். காலில் கொப்புளம், துணிக் கட்டு. பாதிப் பேர் கிறிஸ்தவர்கள்கூட அல்லர். சாலையோர வீடுகளில் தண்ணீரும் மோரும் கொடுக்கின்றார்கள். கொடுக்கிறவர் இந்துவாகவும் இருப்பார், முஸ்லிமாகவும் இருப்பார். வேளாங்கண்ணி அன்னை கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவனிடம் மோர் கேட்டுத்தானே நம்மிடையே வந்தார்! மம்ரே மரங்களின் அருகே முன்பின் தெரியாத மூவரைக் கண்டதும் ஆபிரகாம் ஓடிச் சென்று, கால் கழுவத் தண்ணீரும் உண்ண உணவும் கொடுத்ததைத் தொடக்க நூலில் வாசிக்கின்றோம். வந்தவர் யார் என்று அவர் முதலில் விசாரிக்கவில்லை.

நடந்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு நடையில் வாகனங்கள் மோதி உயிரிழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். கைவிளக்கும், ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஏதேனும் ஆலய வளாகத்திலோ பள்ளியிலோ படுத்து விடியற்காலை புறப்படுங்கள்.

காரிலும் பேருந்திலும் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். காலையில் தரங்கம்பாடி, வெயில் ஏறுமுன். பிறகு வரிச்சிக்குடி வழியாகக் காரைக்கால், மதியத்துக்கு மேல் நாகூர், மாலையில் வேளாங்கண்ணி. இடையில் நாகப்பட்டினத்தில் அரைமணி நேரம் இறங்குங்கள். சூடாமணி விகாரத்தின் கோபுரத்தைப் பொறுத்தவரை அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே ஒரு கோபுரம் இருந்தது, அதை யார் கட்டினார்கள், யார் ஊர் கொடுத்தார்கள், யார் இடித்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, வேளாங்கண்ணிக்கு வண்டியேறுங்கள்.